பெயருக்கு முன்னால் வந்த எண்

என் மேசை இழுப்பறையில் நீல நிறப் பிளாஸ்டிக் பட்டைச் சுருள் ஒன்று எப்போதும் இருக்கும். பிரசவ அறையிலிருந்து ஆள் வந்ததும் அதில் ஒரு துண்டு வெட்டி, கம்ப்யூட்டர் தரும் எண்ணை எழுதிக் கொடுப்பேன். குழந்தையைத் துடைத்த கையோடு அதைக் கணுக்காலில் கட்டிவிடுவார்கள். அந்தச் சுருளைத் தொடும்போதெல்லாம் எனக்கு ‘ரெட்டைப் பாப்பா அப்பா’வின் ஞாபகம் வந்துவிடும். எங்கள் ஆஸ்பத்திரியில் இன்றுவரை அவருக்கு அதுதான் பெயர்.

திருத்தணியில் ஒரு சின்னத் தாய்சேய் ஆஸ்பத்திரியில் பதிவு மேசை என்னுடையது. இந்த ஊரில் பெயரை நம்பி ஒரு வேலையும் செய்ய முடியாது. காத்திருக்கும் கூடத்தில் நின்று “வள்ளி” என்று கூப்பிட்டால் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். “சுப்பிரமணி” என்றால் துணைக்கு வந்த மீதிப் பேரும் எழுந்துவிடுவார்கள். மலைமேல் இருப்பவர் தன் பெயரையும் தன் வீட்டுக்காரிகளின் பெயர்களையும் ஊருக்கே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார், நான் என்ன செய்ய? அதனால் தாய்மார்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தோம். குழந்தைகளுக்குத்தான் அப்போது தனி எண் கிடையாது. புதிதாக வந்திருந்த மென்பொருள், தாயின் எண், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, பெயர் இருந்தால் பெயர், இவற்றை வைத்தே குழந்தையை அடையாளம் கண்டுகொண்டது. அது போதும் என்றுதான் சென்னையில் அதைச் செய்தவர்கள் நினைத்திருந்தார்கள்.

ரெட்டைப் பாப்பா அப்பா ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுபவர். மனைவிக்கு ஒரே பிரசவத்தில் இரண்டு பெண்கள். பெரியவளைப் பதிந்துவிட்டுச் சின்னவளைப் பதியப் போனால், ‘இந்தக் குழந்தை ஏற்கெனவே உள்ளது’ என்று சொல்லிப் பெரியவளின் பக்கத்தையே கம்ப்யூட்டர் திறந்து காட்டியது. என்ன செய்தும் அதே பதில். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவரைக் கூப்பிட்டு, “இப்போதைக்கு ஆளுக்கொரு பேர் சொல்லுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்றேன்.

அவர் கையைப் பிசைந்தார். “இல்லீங்க மேடம். எங்க வூட்ல மலை ஏறி, சாமி முன்னாடிதான் பேர் வெக்கறது. அதுவரைக்கும் பாப்பாதாங்க.”

“ரெண்டு இருக்குதே?”

“ஆங். ரெண்டும் பாப்பாதாங்க.”

இதற்குமேல் என்ன கேட்பது? சென்னைக்குப் போன் செய்தேன். நாளைக்குப் பார்க்கிறேன் என்றார் மென்பொருள்காரர். ஆனால் விஷயம் அவர் பார்க்கும்வரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு குழந்தைகளின் உடம்பும் மஞ்சள் பூத்திருந்தது. இருவருக்கும் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். இரண்டு குழாய்களிலும் கம்ப்யூட்டர் அச்சிட்ட ஒரே சீட்டு. லேப் பெண் முதல் முடிவைப் போட்டாள். இரண்டாவதைப் போட்டதும் முதலாவது அழிந்துபோனது. திரையில் மிஞ்சியது ஒரே முடிவு: மஞ்சள் காமாலை மிக அதிகம். “ஒண்ணு பரவால்லக்கா, ஒண்ணுதான் ஜாஸ்தி. எது யாருதுன்னு தெரியல” என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

உடனே நீல வெளிச்சத்தின் கீழே வைக்க வேண்டும், தாமதித்தால் மூளையைப் பாதிக்கும் என்றார் டாக்டர். வெளிச்சத் தொட்டில் ஒன்றுதான் காலியாக இருந்தது. பார்வைக்குப் பெரியவள்தான் அதிக மஞ்சளாகத் தெரிந்தாள். வீறிட்டு அழுததும் அவள்தான். அவளாகத்தான் இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது. “சின்னது அழக்கூட மாட்டேங்குதேங்க, அதப் பாருங்க” என்று அப்பா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். “இன்னொரு தபா குத்துவீங்களா?” என்று தாய் விசும்பியது வெளியே என் மேசைவரை கேட்டது.

அப்போதுதான் பெரிய சிஸ்டர் வாசலில் வந்து நின்று, “தனித்தனி நம்பர் கட்டாம ஒரு சொட்டு எடுக்க மாட்டேன்” என்றார். நான் மறுபடி சென்னைக்குப் போன் போட்டுக் கத்தினேன். பாவம், அவரும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து, குழந்தைக்குக் குழந்தை தனி எண் விழும்படி செய்து கொடுத்தார். நீலப் பட்டை வெட்டிக் கட்டிய முதல் இரண்டு கால்கள் அவைதான்.

நம்மை நம்பராக ஆக்கிவிட்டார்கள் என்று சலித்துக்கொள்பவர்களில் நானும் ஒருத்தி. பாங்க்கில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் இப்போதும் எரிச்சல் வரும். ஆனால் அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். ஒரே தாய், ஒரே தேதி, ஒரே வீடு. சொல்லச் சொல்ல அந்தக் குழந்தைகள் ஒன்றாகிக்கொண்டே போனார்கள். பெயர் வந்தாலும் நாளைக்கு மாறலாம், இன்னொருத்திக்கும் இருக்கலாம். எண் அவளைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. இவள் வேறு ஒருத்தி என்று மட்டும் சொல்கிறது. ஒருமுறை கொடுத்தால் வேறு யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. இவ்வளவு சாதாரணமான விஷயத்துக்கு இரண்டு பச்சைக் குழந்தைகள் இன்னொரு ஊசி வாங்க வேண்டியிருந்தது.

முடிவு வந்தது. அதிகமாக இருந்தது சின்னவளுக்கு. சிஸ்டர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவள் தேறும்வரை அப்பா தறிக்குப் போகவில்லை. கண்ணாடி வழியே எண் பட்டை கட்டிய அவள் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு என் மேசைக்கு வந்து, “மேடம், நாலு ஒண்ணு ஏழு எப்டி இருக்குதுங்க?” என்பார். பெயர் இல்லாத பெண்ணைப் பற்றி வேறு எப்படிக் கேட்பார்? முதல் தடவை சிரித்துவிட்டேன். அப்புறம் நானும் “நாலு ஒண்ணு ஏழு பால் குடிச்சா” என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் வந்திருந்தார். மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய இரண்டு தலைகள், பள்ளிக்கூடம் போகும் வயது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதில் ஒருத்திக்குக் காய்ச்சல். எனக்கு அடையாளம் தெரியவில்லை. வழக்கம்போல, “பாப்பா பேர் என்ன?” என்றேன்.

“நாலு ஒண்ணு ஏழுங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். பர்சிலிருந்து அந்த நீலப் பட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். மை முழுவதும் அழிந்திருந்தது.

“நைனா, என் பேரச் சொல்லு” என்று காய்ச்சல்காரி அவர் சட்டையை இழுத்தாள்.

“பேரு அப்புறம் சாமி குடுத்துதும்மா. நீ ஒருத்தி இருக்கறேன்னு மொதல்ல சொன்னது இதுதான்” என்றவர் என்னைப் பார்த்து, “இன்னொரு தபா எழுதிக் குடுங்க மேடம்” என்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. அதே இடத்தில் அதே எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கிக் காலில் வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. கட்டை விரலில் சுற்றிக்கொண்டாள். அதற்குத்தான் சரியாக இருந்தது.