பாக்கியவதியின் சின்ன மாத்திரை

குப்பியில் இருந்த சிறுநீரில் இரண்டு சொட்டு விட்டதும் ஊதா நிறம் பரவியது. ஜெபராணி அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"மருந்தத் தின்னுருக்கீக."

"தின்னாம என்ன செய்ய, சிஸ்டர்."

"பிறகு ஏன் கார்த்திகையில ரத்தமாத் துப்புனீக?"

பாக்கியவதியின் மடியில் இருந்த முறத்தில் பாதி ஒட்டிய தீப்பெட்டிக் கூடுகள் கிடந்தன. விரலில் பசை காய்ந்திருந்தது.

ஜெபராணி விருதுநகரிலிருந்து வருகிற காசநோய் நர்ஸ். சொல்லாமல் சாத்தூருக்கு பஸ் ஏறி வந்து, நோயாளியின் வாசலில் நின்று குப்பியை நீட்டுவாள். மருந்து இரண்டு வகை. பெரிய வில்லைகள் வேளைக்குக் கை நிறைய. வயிற்றைப் புரட்டும், பேதியாகும். இன்னொன்று ஒரே ஒரு சின்ன மாத்திரை. பலர் பெரியவற்றைச் சாக்கடையில் போட்டுவிட்டுச் சின்ன மாத்திரையை மட்டும் விழுங்கினார்கள். அதைப் பிடிக்கத்தான் இந்தச் சொட்டு. பெரியதைத் தின்றவர்களின் சிறுநீர்தான் ஊதாவாகும். பெரியதைத் தின்றுவிட்டுச் சின்னதை விடுகிற ஆள் இருக்கக்கூடும் என்று யாரும் நினைக்கவில்லை.

பாக்கியவதி காரியாபட்டிப் பக்கம் பிறந்தவள். ரயிலடியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற சவரிராஜைக் கட்டிக்கொண்டு சாத்தூருக்கு வந்தாள். பிள்ளை இல்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் கட்டையில் குச்சிகளை வரிசையாக அடுக்குகிற வேலை. எதிரே உட்கார்ந்து அடுக்கியவள் பஞ்சம்மாள். இருவரும் சோற்றுத்தூக்கை நடுவில் வைத்துச் சாப்பிடுவார்கள். "கெழமைக்கு ஒரு நா கோயிலு, ஆறு நா எங்கூட வம்பு. ஒங்க சாமிக்கே பொறாமை வந்துரும்க்கா" என்பாள் பஞ்சம்மாள்.

காசம் என்று தெரிந்ததும் கணக்குப்பிள்ளை பாக்கியவதியை உள்ளே விடவில்லை. "மத்தவளுகளும் புள்ளகுட்டிக்காரிகதான, பாக்கியம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தோன்றியது. வீட்டில் இருந்தபடி கூடு ஒட்டத் தொடங்கினாள். கூடு செய்கிற மெல்லிய மரப்பட்டைக் கட்டைக் கொண்டுவருவதும் ஒட்டிய கூடுகளை எடுத்துப்போவதும் பஞ்சம்மாள்தான்.

போன வருஷம் தவக்காலம் தொடங்கிய புதன்கிழமை, பாக்கியவதி நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியிருந்தாள். பட்டைக்கட்டை இறக்கி வைத்த பஞ்சம்மாள் இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்து, துடைத்த இடத்தை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"முந்தியை விரி."

"வெத்தலைக்கா."

"நீ எப்பளா வெத்தல போட்ட?"

பஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்தாள். மகள் ராமுத்தாயைத் தாயில்பட்டியில் கேட்டிருந்தார்கள். வைகாசியில் கல்யாணம்.

"ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள் பாக்கியவதி.

"போனா நர்ஸு வருவா. ஒங்க வாசல்ல வந்து குப்பிய நீட்டுனதத் தெருவே பாத்துச்சு. தாயில்பட்டிக்குத் தெரிய எம்புட்டு நேரம் ஆகும்? மாப்பிள்ளைக்கு ஆத்தாக்காரி கொத்துமல்லிய மோந்து பாத்து வாங்குறவ."

தவக்காலத்தில் பிடித்த ஒன்றை விட்டு, அதை இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும். சவரிராஜ் வருஷா வருஷம் பீடியை விடுவான். ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் யாரும் அவனோடு பேச முடியாது. பாக்கியவதிக்கு விடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கறி எப்போதோ போயிற்று. ஒரு நாளில் சிரமமில்லாமல் உள்ளே போவது அந்தச் சின்ன மாத்திரை மட்டுமே.

"சிறுசு ஒனக்கு. பெருசை நான் தின்னுக்கிடுதேன்."

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிறாதே?"

"எம்புட்டுத் திங்கிறேன் பாத்தீல்ல. அதுல ஒண்ணு கொறைஞ்சா என்ன. குப்பி ஊதாவானா நர்ஸம்மா போயிருவாக."

யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள் பஞ்சம்மாள். பாக்கியவதி தாலியில் இருந்த சிலுவையைத் தொட்டு, சொல்ல மாட்டேன் என்றாள்.

ஒரு மாதத்தில் பஞ்சம்மாளுக்குப் பசி வந்தது. கன்னம் நிரம்பியது. கல்யாணத்தில், தாய் யார் பொண்ணு யார் என்று சம்பந்தி வீட்டார் கேலி செய்தார்களாம். பாக்கியவதி போகவில்லை. இலையில் கட்டிய சோறு வந்தது. ஈஸ்டரோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் இருமல் வந்துவிடுமோ என்று பஞ்சம்மாள் பயந்தாள். ஆகவே தொடர்ந்தது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் பாக்கியவதி இதைச் சொன்னதில்லை. நல்ல காரியங்களை அங்கே சொல்வது வழக்கமில்லை.

கார்த்திகையில் அவளுக்கு ரத்தம் வந்தது. சளியை மெட்ராசுக்கு அனுப்பினார்கள்.

ஜெபராணி ஊதாவாகியிருந்த குப்பியைக் கவிழ்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"கிருமிய மெட்ராஸ்ல வளத்துப் பாத்துட்டாக. பெரிய மருந்துக்கு அது அசையலையாம். சின்ன மாத்திரைக்குச் செத்துப்போகுதாம்."

"நல்லதுதான, சிஸ்டர்."

"என்ன நல்லது? சின்னதுக்குச் சாகுற கிருமி, நீங்க அதைத் தின்னுக்கிட்டிருந்தா எப்படி உசுரோட இருக்கு?"

பாக்கியவதி விரலில் இருந்த பசையை உரித்தாள்.

"ஒண்ணுல தப்புனதை மத்தது கொல்லும். அதுக்குத்தான் ரெண்டையும் சேத்துக் குடுக்கோம். தனியா ஒண்ணைத் தின்னா, தப்புனது மட்டும் பெருகும். அந்த மருந்து பிறகு கேக்காது."

"சின்னதை மட்டும் தின்னாலும் அப்படித்தானா?"

"அப்படித்தான். கொஞ்ச நாள் நல்லா இருக்கும். இருமல் திரும்பும்போது சின்னது கேக்காது. அவுககிட்டயிருந்து தொத்துனவங்களுக்கு மொத நாளே கேக்காது."

"பச்சப் புள்ளைக்கும்?"

ஜெபராணி நிமிர்ந்தாள். "எந்தப் பச்சப் புள்ளைக்கு?"

பொங்கலிலிருந்து பஞ்சம்மாள் மறுபடியும் இருமிக்கொண்டிருந்தாள். முந்தானையில் மடிப்பு கூடியிருந்தது. ராமுத்தாய் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். இந்த மாதமோ அடுத்ததோ. ஒற்றை அறை வீடு. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி மடியில் போட்டுக்கொள்ளப் போகிறவள் பஞ்சம்மாள்.

பாக்கியவதி கொஞ்ச நேரம் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பெயரையும் தெருவையும் சொன்னாள்.

ஜெபராணி திட்டவில்லை. "சின்னதை நீங்க விடுவீகன்னு எனக்குத் தோணவே இல்லை" என்றாள். "நாளைக்குக் காலையில வாரேன். நான் போய் நிக்கதுக்கு முன்னாடி நீங்க சொல்லிருங்க."

சாயங்காலம் பாக்கியவதி போனபோது பஞ்சம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் உள்ளே படுத்திருந்தாள். பாக்கியவதி தெருவிலேயே நின்று, குரலைத் தாழ்த்தி எல்லாம் சொன்னாள்.

"சிலுவையைத் தொட்டுத்தான சொன்னீக."

"தொட்டுத்தான் சொன்னேன்."

"எனக்கு நல்லாத்தான இருக்கு. தூசிக்கு இருமுதேன்."

"முந்தியை விரி, பஞ்சு."

பஞ்சம்மாள் விரிக்கவில்லை. சுளகை ஒரு தட்டுத் தட்டினாள். தூசி பறந்ததும் இருமல் வந்தது, நிற்க நேரமாயிற்று. உள்ளேயிருந்து ராமுத்தாய், "தண்ணி குடிம்மா" என்றாள்.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா? அவ பெத்து எடுத்துக்கிட்டுப் போயிருப்பா."

"அந்த ஒரு மாசத்துக்குத்தான் வந்தேன்."

"போங்க. இனி பட்டைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க."

மறுநாள் ஜெபராணி முதல் பஸ்ஸில் வந்தாள். பஞ்சம்மாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவளோடு விருதுநகருக்குப் போனாள். பாக்கியவதியும் அதே பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சம்மாளுக்கு நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சளியை வாங்கிக்கொண்டார்கள். முடிவு வரும்வரை தினம் ஊசியும் பெரிய வில்லைகளும் என்று டாக்டர் சொன்னார். பாக்கியவதிக்கு ஊசியும் சின்ன மாத்திரையும். ஜெபராணி அவளிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் சேதி பரவி, மத்தியானம் சாத்தூரில் ராமுத்தாயின் புருஷன் வில்வண்டி கட்டி வந்து அவளைத் தாயில்பட்டிக்கு அழைத்துப்போனான். அவனுடைய ஆத்தா வண்டியை விட்டு இறங்கவில்லை. விருதுநகரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் பஞ்சம்மாளுக்குக் குமட்டியது. ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள். அன்று பட்டைக்கட்டு வரவில்லை. பாக்கியவதி பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.