கத்தி உறைக்குப் பூசிய எண்ணெய்

மாமாவிடம் அந்தக் கத்தி வந்த அன்று நாங்கள் முதலில் கேட்டது, இதை எப்படி மடக்குவது என்றுதான். மாமா என் அம்மாவின் தம்பி. அரியலூர்ப் பக்கம் கல்லாகிப்போன சிப்பிகளைத் தேடி வந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சில மாதம் ஜீப் ஓட்டினார். ஊருக்குக் கிளம்பும்போது அவர்களில் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கத்தி அது. மடங்காது. அலகு ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் முதுகு நல்ல தடிமன். கறுப்புக் கைப்பிடி ஈரக்கையிலும் வழுக்கவில்லை. பெல்ட்டில் மாட்டிக்கொள்ளத் தோல் உறையும் இருந்தது.

மாமா கட்டுவதோ வேட்டிக்கு மேல் போடுகிற அகலமான பச்சை பெல்ட். உறையின் வளையத்துக்குள் அது நுழையவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, உறையை அரைஞாண் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டார்.

"மாட்டுக்கு மணி கட்டுனாப்ல இருக்குடா" என்றார் அம்மா. ஆனால் சாக்குத் தையல் பிரிக்க, ஆட்டுக்குத் தழை கழிக்க, பழைய டியூபை வார் வாராக அறுக்க எல்லாவற்றுக்கும் அம்மாவே அந்தக் கத்தியைத்தான் கேட்டார். மாமா அதைக் கையில் கொடுக்கமாட்டார். கத்தியைக் கைமாற்றினால் சண்டை வரும் என்பது எங்கள் நம்பிக்கை. தரையில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். நுங்கு சீவ மட்டும் அதற்குத் தெம்பு போதவில்லை. அதற்கு அருவாளிடமே போனோம்.

கெடுதல் வேறு பக்கமிருந்து வந்தது. ஜெயங்கொண்டத்தில் மாமாவுக்குப் பார்த்த பெண்வீட்டார் பின்வாங்கினார்கள். இடுப்பில் கத்தியோடு திரிகிறவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்ததும் அப்படியே போனது. மாமாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அந்தப் பக்கம், முந்திரித்தோப்பு நடுவில் ஒரு வீட்டில் மூன்றாவதாகப் பேசினார்கள்.

"இதுவும் போச்சுன்னா நான் யார் வூட்டுப் படியும் ஏற மாட்டேன்" என்றார் அப்பா. "கத்தி வூட்டுலயே இருக்கட்டும். கேக்குதா மாப்ள?"

மாமா தலையாட்டினார். ஆனால் அதற்குள் அம்மா ஒரு காரியம் செய்திருந்தார். மழைக்காலம் ஆதலால் உறையில் பூஞ்சை பூத்திருந்தது. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து ஒரு கறுப்பு எண்ணெய் வரும். கரையான் அண்டாமல் இருக்க வாசல் நிலைக்கும் கட்டில் காலுக்கும் அதைப் பூசுவோம். உடம்பில் பட்டால் வெந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ராத்திரியே காய்ந்துவிடும் என்று நினைத்து அம்மா அதை உறைக்குப் பூசிவிட்டார். மரமாக இருந்தால் காய்ந்திருக்கும். தோல் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, மாமாவின் வியர்வை பட்டதும் கக்கியது.

பெண் பார்க்கக் கிளம்பிய காலையில் மாமாவின் வலது இடுப்பு முழுக்கக் கொப்புளம். வேட்டியைத் தளர்த்திக் கட்டி, பச்சை பெல்ட்டை விட்டுவிட்டு வந்தார். கத்தி வீட்டில் இருந்தது. அது வைத்த சூடு எங்களோடு பஸ்ஸில் வந்தது.

பெண்வீட்டில் நாற்காலி போட்டார்கள். மாமா உட்காரவில்லை.

"உக்காருங்க மாப்ள" என்றார் பெண்ணின் அப்பா.

"இருக்கட்டுங்க."

"அட, சும்மா உக்காருங்க."

"பெரியவங்க இருக்கீங்க. நிக்கிறேன்."

மாமா ஒரு பக்கம் சாய்ந்து நின்றார். அப்பா மேலே கூரையைப் பார்த்தார். பெண்ணின் அப்பாவும் அவர் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இடுப்பில் ஏதாவது ஊனமோ என்று அவர்கள் யோசித்திருக்கலாம்.

அப்போது அத்தை காபி கொண்டுவந்தார். அத்தை என்று இப்போது சொல்கிறேன், அன்று அவர் யாரோ ஒரு அக்கா. டம்ளரை வாங்க மாமா கை நீட்டினார். தினமும் உறையைத் தொட்டதில் அவர் விரல் நுனிகள் கறுத்திருந்தன. கொடுத்தவரின் விரல்களும் அதே மாதிரி கறுப்புதான். விருந்தாளி வரும் நாளிலாவது கையை நன்றாகக் கழுவக்கூடாதா என்று நினைத்தேன்.

அவர் மாமாவின் விரலைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பார்த்தார். உள்ளே போனவர் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்க மாமாவுக்கு இத குடு. யாருக்கும் சொல்லாத, என்ன?"

சின்ன மருந்து பாட்டிலில் தேங்காய் எண்ணெய். மூலையில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கல்லுக்குப் பக்கத்திலும் ஒரு கிண்ணத்தில் அதே எண்ணெய் இருந்தது. நான் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். வெளியே பெண்ணின் அப்பா, "எம்பொண்ணு என்ன சொல்லுதோ அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து, "எனக்குச் சரிப்பா" என்று குரல் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் இடமிருந்தும் மாமா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். அவரிடம் பாட்டிலைக் கொடுத்தேன்.

"அந்த அக்கா குடுத்தாங்க. ஒங்க தலை காஞ்சு கெடக்குல்ல, அதுக்குத்தான்."

"தலைக்குன்னா சொன்னாங்க?"

"பின்ன எண்ணெய எதுக்குக் குடுப்பாங்க?"

மாமா பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கல்யாணம் ஆவதற்கு முன்பே தலைமுடியைக் குறை சொல்கிறவரைப் போய்க் கட்டிக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபம். ஊர் வந்து இறங்கும்வரை மாமாவுடன் நான் பேசவில்லை.