எதிர்வீட்டில் வைத்த மாவு

கல்கத்தா லேக் கார்டன்ஸில் ஐந்தே அறைகளுள்ள எங்கள் விடுதியை மூடுவதா வேண்டாமா என்பதை ஒரு காலை வேளை இட்லிதான் தீர்மானிக்க இருந்தது. மதுரையிலிருந்து வரும் காசி யாத்திரைக் கூட்டம் எங்களிடம் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் காளிகாட் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் ஒவ்வொரு கூட்டத்தையும் இங்கேயே அழைத்து வருவதாக டூர் ஏஜெண்ட் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் வரை அரைத்து வைத்த மாவு பொங்கவே இல்லை. ஜனவரிக் குளிர்! எதிர்வீட்டில் விடுதி நடத்தும் வங்காளி அக்கா, எங்களுக்குத் தீதி, இனிப்புத் தயிர் உறைவதற்கென்றே கம்பளி சுற்றி ஒரு மூலையைக் கதகதப்பாக வைத்திருந்தாள். மாவை அங்கே கொண்டுவரும்படி அவளே கூப்பிட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்!

"போட்டிக்காரி கையில தொழிலைத் தூக்கிக் குடுக்கறியா? நாளைக்கே இட்லின்னு போர்டு மாட்டுவா."

"மாவைப் பாத்தா அரிசி உளுந்து அளவு தெரிஞ்சுடுமா? பொத்திப் பொத்தி வெச்சு என்னத்தைக் கண்டோம்? ரூமெல்லாம் ஈ ஓட்டுது!"

அரைமனதாகச் சம்மதித்தார். ஆனால் அண்டாவின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, யாரும் திறக்கவோ தொடவோ கூடாது என்று தீதியிடம் இந்தியில் கறாராகச் சொன்னார். எனக்கு மானமே போயிற்று.

விடிந்ததும் தீதி ஃபோனில் அலறினாள். ஓடினோம். மாவு பொங்கி, துணியைத் தள்ளிக்கொண்டு தரையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அவள் காலிப் பாத்திரத்தோடு தவித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா தொடக் கூடாதுன்னாரே" என்றாள் வங்காள மொழியில், என் வீட்டுக்காரரைக் காட்டி, அழாத குறையாக.

பாதி மாவு போய்விட்டது. பஸ்ஸோ ஹவுராவைத் தாண்டிவிட்டது.

"இப்ப திருப்தியா உங்களுக்கு?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

தீதிதான் முதலில் அசைந்தாள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, மைதாவைப் பிசைந்து, மளமளவென்று லூச்சி என்னும் அவர்கள் ஊர்ப் பூரியைப் பொரிக்க ஆரம்பித்தாள். மிஞ்சிய மாவை எங்கள் அடுக்களைக்குத் தூக்கிவந்து நான் இட்லி ஊற்றினேன். வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு, உப்பிய லூச்சியை என் சாம்பாரில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார்கள்.

ஏஜெண்ட் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த மாசம் ரெண்டு பஸ்ஸு வரும்ணே. இதே மாதிரி ரெண்டும் போட்டுடுங்க."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பிறகு விறுவிறுவென்று தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, தெரிந்த அரைகுறை வங்காள மொழியில், தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"தீதி, அரிசி நாலு, உளுந்து ஒண்ணு, வெந்தயம் ஒரு ஸ்பூன்!"