தம்பிக்குக் கொடுக்க முடியாத சிறுநீரகம்

கழுத்தின் பின்புறம் கறுத்திருந்ததை அழுக்கு என்றுதான் நினைத்தேன். பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். தோல் எரிந்தது, கருமை போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பிலேயே கண் செருகும். பள்ளி ஆசிரியைக்கு நாற்பது வயதில் அலுப்பு இருக்காதா என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் நோயாளி என் தம்பி சாமுவேல்தான். ஆரணியில் பட்டுப்புடவை நெய்கிறவன். சர்க்கரை நோய் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் பழுதாக்கிவிட்டது. தறிக்குழியில் கால் வைத்தால் வீங்கிக்கொள்ளும். டயாலிசிஸுக்காக (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) வேலூருக்குப் போவான். திரும்பும் பஸ் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான்.

என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதாகச் சொன்னேன். இரத்த வகை பொருந்தியது. வீட்டில் எல்லோரும் முழங்காலிட்டு ஜெபித்தோம். மற்ற பரிசோதனைகள் ஒரு சடங்கு என்று நம்பித்தான் போனேன்.

மருத்துவர் முடிவுகளைப் படித்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு இன்னும் சர்க்கரை வியாதி வரலைங்க. ஆனா வர்ற வழியில இருக்கு. இன்சுலின் சுரக்குது, உடம்பு அதுக்குக் கட்டுப்படல. இந்தக் கருப்பு அதோட அடையாளம்."

என் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரையின் சராசரி) இயல்பான எல்லையைத் தாண்டியிருந்தது.

"நான் நல்லாதானே இருக்கேன் டாக்டர். எடுத்துக்குங்க."

"நாளைக்கு உங்களுக்கும் தம்பி மாதிரி ஆச்சுன்னா? ஒரே ஒரு சிறுநீரகத்தோட என்ன பண்ணுவீங்க?"

வராந்தாவில் காத்திருந்த சாமுவேல் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"விடுக்கா. எனக்கும் இப்படித்தான், கழுத்து கறுத்துகினே வந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. நீயாவது ஜல்தியா பாத்துக்கோ."

அவன் எனக்கு ஆறுதல் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

தினமும் நடந்தேன். சோற்றைக் குறைத்து, பயறும் கீரையும் கூட்டினேன். சில மாதங்களில் சராசரி இறங்கியது. அந்தப் பரிசோதனை முடிவோடு போய், சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளும்படி மறுபடி கேட்டேன்.

"இது உங்களுக்கு நல்லதுங்க. இப்படியே விடாம பண்ணுங்க," என்றார் மருத்துவர். "ஆனா குடும்பத்துலயே இருக்கு. எடுக்க மாட்டேன்."

சாமுவேல் இன்னொருவரின் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறான்.

நோயில்லை என்று நம்பியிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் பசித்தால் சாப்பிட்டேன், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு கவளமும் பல வருடம் கழித்து வரப்போகும் ஏதோ ஒரு நாளில் போய் விழுவதாகத் தோன்றுகிறது. டயாலிசிஸ் முடிந்து களைத்துத் தூங்கும் தம்பியைப் பார்க்கிறேன். அந்த நாளை எனக்கு முன்னால் எட்டிவிட்ட என் உடம்பு போலவே தெரிகிறான். அவன் என்னைவிட இளையவன்.