அமல்ராணியின் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

விழுப்புரத்தில் அமல்ராணி ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாளாம். ஒரு தப்புகூட வரவில்லையாம். விழுப்புரம் கிளை வாட்ச்மேன் சொன்னதை, வேன் ஓட்டும் வெங்கடாசலம் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து, ரோஸ்லின் மேசைமேல் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை சாம்பிள் பைகளோடு சேர்த்து வைத்தார்.

"எரர் கிரர் ஒண்ணும் இல்லையாம் மேடம். காலைல ஒக்காந்தாங்களாம், சாயங்காலம் டீ வர்றதுக்குள்ள முடிச்சுட்டாங்களாம்."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் எங்க பார்த்தேன்? வாட்ச்மேன் சொல்லிக்கினு இருந்தாரு."

"வாட்ச்மேன் பார்த்தாரா?"

வெங்கடாசலம் தலையைச் சொறிந்தார். "அவரு கேட்டுக்கு வெளியதானே இருப்பாரு."

ரோஸ்லின் சிரித்துவைத்தாள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. மல்லாட்டை மொத்த வியாபாரி சாந்திராஜ், அன்றைய விலையைத் தினமும் காலையில் தன் வியாபாரிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மெயிலில் அனுப்புவது என்று முடிவு செய்திருந்தார். பெயர், ஊர், போன், மெயில் முகவரி எல்லாவற்றையும் திண்டிவனத்தில் ரோஸ்லினும் விழுப்புரத்தில் அமல்ராணியும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்கு முதலாளி இரண்டு பட்டியலையும் பார்ப்பார். பொங்கலோடு விழுப்புரம் கிளையை மூடப்போகிறார்கள். இருக்கப்போவது ஒரு நாற்காலி. எவள் பட்டியல் சரியோ அவளுக்கு அது. மற்றவள் வீட்டுக்குப் போகலாம்.

இந்தப் போட்டிக்கு வயது பதினாலு. தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்து டைப்ரைட்டிங் வகுப்பில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஹையர் பரீட்சையில் அமல்ராணிக்கு முதல் வகுப்பு, ரோஸ்லினுக்கு இரண்டாவது. இருவருக்கும் சாந்திராஜிடமே வேலை கிடைத்தது. அமல்ராணி கல்யாணமாகி விழுப்புரம் போனாள், அங்கிருந்த கிளைக்கே மாற்றலும் வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர் வந்தபோது விழுப்புரத்துக்கு ஏசி வைத்தார்கள். திண்டிவனத்துக்கு டேபிள் ஃபேன். "விழுப்புரம் லெட்டர்ல பிழையே இருக்காது" என்று முதலாளி ஒருமுறை போகிறபோக்கில் சொன்னார். அன்றிலிருந்து அங்கிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் ரோஸ்லின் சிவப்புப் பேனாவோடுதான் படித்தாள். ஐந்து வருஷத்தில் கிடைத்தது ஒரே ஒரு விட்டுப்போன காற்புள்ளி. அந்தக் கடிதத்தை மட்டும் பத்திரமாக இழுப்பறையில் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அமல்ராணியே போன் பண்ணியிருந்தாள்.

"ஏன்டி ரோசு, இன்னும் நோட்டுலதான் எழுதிக்கினு இருக்கியா?"

"நோட்டுல எழுதுனா நோட்டு அழிக்காதுடி."

"அழியுதா? எனக்கெல்லாம் சும்மா வெண்ணெ மாதிரி போவுது."

ரோஸ்லினுக்கு வெண்ணெய் மாதிரி போகவில்லை. ஏற்றியதெல்லாம் காணாமல் போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றினாள். எண்ணினால் நூற்று நாற்பத்தொன்று. மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அதே நூற்று நாற்பத்தொன்று. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்றார். மூன்று தடவை பண்ணினாள். ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தவளுக்கு, ஏசி அறையில் அமல்ராணி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது கண்முன்னே வந்து வந்து போயிற்று.

வெங்கடாசலம் அந்தச் சேதியைச் சொல்லிப்போன வெள்ளிக்கிழமை, ரோஸ்லின் வீம்பாக நோட்டையும் திரையையும் பெயர் பெயராக ஒப்பிட்டாள். அனந்தபுரம் வீரேந்திரன் இல்லை. வல்லம் லட்சுமியம்மாள் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருந்தது கடைசியாக ஏற்றிய வெள்ளையம்மாள் மட்டும்தான். நோட்டைப் பார்த்தாள். அனந்தபுரம் பக்கத்து வியாபாரிகள் எழுபத்திரண்டு பேருக்கும் ஒரே மெயில் முகவரி. யாருக்கும் சொந்த மெயில் கிடையாது. அனந்தபுரத்தில் வளன் என்பவன் நடத்தும் பிரவுசிங் சென்டரின் முகவரியைக் கொடுத்திருந்தார்கள், தபாலுக்கு மளிகைக்கடை முகவரியைக் கொடுப்பதுபோல. மெயில் வந்தால் வளன் பிரிண்ட் எடுத்து, பெயர் பார்த்துக் கொடுத்துவிடுவான்.

வீரேந்திரனை மறுபடி ஏற்றினாள். இந்தமுறை ஒரே விரலால், மெதுவாக. சேமிக்கும்போது சின்னதாக ஒரு பெட்டி எழுந்து நின்றது. இந்த முகவரி ஏற்கெனவே இருக்கிறது, பழைய ஆளின்மேல் எழுதவா, புது ஆளாகச் சேர்க்கவா என்று கேட்டது. 'பழைய ஆளின்மேல்' என்ற பொத்தான் தயாராகக் கறுத்திருந்தது. என்டர் தட்டினால் அதுதான் விழும்.

ரோஸ்லின் தன் கையைப் பார்த்தாள். டைப்ரைட்டிங் வகுப்பில் மாஸ்டர் ஸ்கேலால் முட்டியில் தட்டித்தட்டிப் பழக்கிய கை. வரி முடிந்தால் கண் பார்க்கக் கூடாது, கை தானாகப் போக வேண்டும். இத்தனை நாளும் அந்தப் பெட்டி எழும் முன்பே கை என்டரைத் தட்டிவிட்டது. லட்சுமியம்மாள்மேல் வீரேந்திரன், வீரேந்திரன்மேல் இன்னொருவர் என்று எழுபத்திரண்டு பேரும் ஒரே வெள்ளையம்மாளாகிப் போனார்கள்.

மௌஸைப் பிடித்து 'புது ஆளாக' என்பதை அமுக்கினாள். வீரேந்திரன் நின்றார். சனிக்கிழமை ஒரு மணிக்குப் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். ரோஸ்லின் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டாள்.

மூன்றே கால் மணிக்கு வெங்கடாசலம் வந்தார்.

"மேடம், நான் சொன்னது பேஜாராயிடுச்சு. அங்க இன்னிக்கு எண்ணிப் பார்த்தா நூத்தி நாப்பத்தொண்ணுதான் இருக்காம். அமல்ராணி மேடம் சாப்பிடக்கூட இல்ல. அழுதுக்கினே தட்டிக்கினு இருக்காங்க. இத நானே கண்ணால பார்த்தேன்."

நூற்று நாற்பத்தொன்று. அதே வகுப்பு, அதே ஸ்கேல், அதே கை. முதல் வகுப்புக் கை.

பதினாலு வருஷமாகக் காத்திருந்த சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. அமல்ராணியின் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் முதுகில் ஆபரேஷன் ஆனதும், அதற்குப்பின் அவர் வேலைக்குப் போகாததும் ரோஸ்லினுக்குத் தெரியும். போய்ப் பார்க்கவில்லை.

மேசைமேல் செல்போன் அடித்தது. திரையில் 'அமல் விழுப்புரம்'. ரோஸ்லின் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

"எடுங்க மேடம், யாரோ அவசரமா கூப்புடுறாங்க" என்றார் வெங்கடாசலம்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. எழுபத்தொரு பேரை ஏற்ற வேண்டும். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டால், அமல்ராணியின் கைக்கு நாற்பது நிமிஷம் போதும். இந்த ஊரிலும் அந்த ஊரிலும் அது வேறு யாருக்கும் முடியாது. அதை ரோஸ்லினைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

முள் மூன்று இருபத்தொன்றுக்கு நகர்ந்தது. போன் சாம்பிள் பைகளுக்கு நடுவில் அதிர்ந்து அதிர்ந்து, மேசை விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.