ஆலமரத் தொட்டியிலிருந்து கிளம்பிய எறும்புகள்

ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் ஒரு கம்பெனியில் கடைசிச் சோதனைப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. தைத்து ஒட்டி முடித்த ஷூக்கள் எங்கள் மேசைக்கு வரும். நூல் பிசிறு, பசைக் கறை, ஜோடிக்குள் நிற வித்தியாசம் என்று பார்த்துவிட்டு, உள்ளே டிஷ்யூ தாளை அடைத்துப் பெட்டியில் வைப்போம். என் மேசையில் எல்லோருமே பெண்கள். என்னைவிட வயதில் மூத்தவர்களும் உண்டு.

வீட்டில் ஒரு போன்சாய் வளர்க்கிறேன். வாடகை வீட்டின் தண்ணீர்த் தொட்டி விரிசலில் முளைத்த ஆலங்கன்று அது. வீட்டுக்காரர் பிடுங்கி எறியச் சொன்னார். பிடுங்கினேன், எறியவில்லை. தட்டு மாதிரியான தொட்டியில் வைத்து, கம்பி சுற்றி, வேரைக் கத்தரித்து வளர்த்ததில் இப்போது ஒரு முழம் உயரத்தில் விழுதோடு நிற்கிறது. என் கையால் உருவான அழகான பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இந்த மரத்தால் எனக்கு இருந்த ஒரே தொல்லை பூச்சி. இலைக்காம்பில் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி வரும். காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பேன். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்கு எறும்பு வரும். வருகிற எறும்பு அந்தப் பூச்சிக்குக் காவலும் இருக்கும். அதனால் தொட்டியைச் சுற்றித் தரையில் எறும்பு சாக்பீஸால் கோடு போட்டேன். அதன்பிறகு கோட்டுக்கு வெளியே ஓர் எறும்பைக்கூடப் பார்க்கவில்லை. ஒழிந்தது சனியன் என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் எங்கள் ஷூக்களை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் சோதனைக்கு ஒரு பெண் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. முந்தைய முறை வந்தபோது என் போனில் இந்த மரத்தின் படத்தைப் பார்த்து, "நேர்ல பாக்கணும் மேடம்" என்று ஆசையாகச் சொன்னவர். சோதனை அறை கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டுமே என்று அன்று காலை மரத்தை ஆட்டோவில் மடியில் வைத்து எடுத்துப் போனேன். பெட்டிகள் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து, இலைகள் பளபளக்கட்டும் என்று தாராளமாகத் தண்ணீர் ஊற்றினேன். அடித்துளை வழியே வடிந்ததைத் துணியால் துடைத்தேன். வந்த பெண்ணும் மரத்தைப் பார்த்து அசந்துதான் போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு பெட்டியைத் திறந்து ஷூவுக்குள்ளிருந்து டிஷ்யூவை உருவினார். உருவியவர் கையை உதறினார். தாள் மடிப்புக்குள் எறும்புகள். ஒவ்வொன்றும் வாயில் வெள்ளை முட்டையைக் கவ்விக்கொண்டு அவர் விரல்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பெட்டியிலும் அப்படியே.

மேனேஜர் பாய் ஓடிவந்தார். "இன்னா இது? கண்டெய்னர் கெளம்புற நேரத்துல எறும்பா? பேஜாரா போச்சே" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் உடனே என் பெண்கள் பக்கம் திரும்பினேன். "யாரு உள்ள தின்பண்டம் எடுத்தாந்தது? எல்லாரும் பையைத் தெறங்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. சாப்பாட்டுப் பொருள் லாக்கர் அறையைத் தாண்டி வரக்கூடாது என்பது விதி. ஒவ்வொருவராகப் பையைத் திறந்து காட்டினார்கள். சீப்பு, மாத்திரை அட்டை, மடித்த துண்டு, இன்னும் நான் பார்த்திருக்கக் கூடாததெல்லாம் அந்த சென்னைப் பெண்ணுக்கும் மேனேஜருக்கும் முன்னால் வெளியே வந்தன.

மேசை முனையில் நின்ற அக்காவின் பையில் ஒரு இனிப்பு டப்பா இருந்தது. நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர். மகளைப் பெண் பார்க்க அன்று சாயங்காலம் வருகிறார்கள் என்று நாலு மணிக்குப் பர்மிஷன் வாங்கியிருந்தார்.

"மக்கன் பேடா மேடம். நேரா பஸ் ஏறணும்னு கூடவே வெச்சிருந்தேன். கட்டு கூட அவுக்கல, பாருங்க" என்றார்.

நான் மேசையிலிருந்த நூல் கத்தரியை எடுத்துக் கட்டை வெட்டினேன். மூடியைத் திறந்தேன். பாகில் ஊறிய பேடாக்கள் வரிசை கலையாமல் இருந்தன. ஓர் எறும்புகூட இல்லை. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

அப்போது சென்னைப் பெண் மெதுவாக, "மேடம், இங்க வாங்களேன்" என்றார். பெட்டியிலிருந்து மேசை விளிம்பு வழியாக ஓர் எறும்புக் கோடு போயிற்று. சுவரில் ஏறி, அலமாரியைத் தொட்டு, என் தொட்டியின் அடித்துளையில் முடிந்தது. வீட்டில் நான் போட்ட சாக்பீஸ் கோட்டுக்குள் அவை மண்ணுக்கடியில் குடும்பமாகவே இருந்திருக்கின்றன. கோடு இல்லாத இடத்துக்கு நானே கொண்டுவந்து, தண்ணீரையும் கொட்டிக் கிளப்பிவிட்டிருக்கிறேன். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஈரமில்லாத இடம் தேடிப் போயிருக்கின்றன.

யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. காது மடல்கள் எரிந்தன. "என் செடிதான்" என்றேன். எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

அடுக்கிய பெட்டி அத்தனையையும் பிரித்து, தாளை மாற்றி, மறுபடி கட்டவேண்டும் என்று முடிவானது. பர்மிஷனெல்லாம் ரத்து என்றார் மேனேஜர். "இவங்க மட்டும் போகட்டும் பாய். இவங்க பெட்டிய நான் பாக்குறேன்" என்று கெஞ்சினேன். அவர் சரியென்று தலையை ஆட்டினார். அக்கா பையை எடுத்துக்கொண்டார், டப்பாவை எடுக்கவில்லை.

"அக்கா, டப்பா..." என்றேன்.

"அவுத்த டப்பாவ எப்பிடி மேடம் சம்மந்திக்காரங்க முன்னால வெக்கிறது?"

வேறு வாங்கித் தருகிறேன் என்று வாசல்வரை பின்னாலேயே போனேன். "வேணாம், பஸ் போய்டும்" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மற்றவர்கள் இருட்டும்வரை என்னோடு பெட்டி பிரித்தார்கள். எப்போதும் பாட்டும் கேலியுமாக இருக்கும் மேசையில் அன்று தாள் கசங்கும் சத்தம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் விளிம்புவரை முக்கினேன். எறும்புகள் கொத்தாக மேலே மிதந்து வந்தன. மண்ணை முழுதும் உதறியபோது வேர்களிலும் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. நான் மேலே இலையைத் துடைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் கீழே அவற்றை எறும்புகள் பாதுகாத்து வந்திருக்கின்றன. கெட்ட வேர்களைக் கத்தரித்து, மற்றவற்றை அலசி, வேப்பம்புண்ணாக்கு கலந்த புதுமண்ணில் நட்டேன். மரம் பிழைத்துக்கொண்டது.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு லேசானது.

மறுநாள் காலை மேசைப் பக்கம் போனேன். ஏதோ ஆர்டர் விஷயம் சொல்லத்தான். நான் வருவதைப் பார்த்ததும் முதலில் நின்ற பெண் பையின் ஜிப்பைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். அடுத்தவளும் நீட்டினாள். "அய்யோ, வேணாம்மா, மூடுங்க" என்றேன். மூடினார்கள். இன்றும் சில காலைகளில் யாராவது ஒருத்தியின் கை, நான் கேட்காமலே ஜிப்புக்குப் போகிறது. அப்போதெல்லாம் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது.