பனியன் நனையாத வெயில்

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு வெயிலை அளக்கும் கருவி பனியன்தான். காலை எட்டு மணிக்கே நனைந்துவிட்டால் வெயில் கொஞ்சம் அதிகம். மத்தியானத்துக்குள் இரண்டாவது பனியனும் நனைந்தால் கத்திரி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். என் அப்பா அதைப் பார்த்துத்தான் தண்ணீரே குடிப்பார். முதுகு நனைந்தால் ஒரு சொம்பு, இல்லாவிட்டால் இல்லை.

வேலை மாற்றலாகி நான் கோவைக்கு வந்த முதல் சித்திரையில் அப்பா என்னோடு தங்க வந்தார். வயது எழுபத்தாறு. மொட்டைமாடியில் சாயங்காலக் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்ததும் ஆள் சொக்கிப்போனார். "இது ஊருடா! அங்க துணி காயறதுக்குள்ள நாத்தம் வந்துடும். இங்க பிழியறதுக்குள்ள காஞ்சிடுது" என்று பால் போட வந்தவரிடம்கூடச் சொன்னார். சென்னையைவிட இங்கே இரண்டு டிகிரி அதிகம் என்று செல்போனில் காட்டினேன். போனை மாற்றச் சொன்னார்.

அந்த உற்சாகத்தில்தான் ஒருநாள் சென்னிமலைக்குக் கிளம்பினோம். தங்கைக்குப் போர்வை வாங்க வேண்டும், அதுவும் தறியிலிருந்து இறங்கியதாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பெருந்துறையில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். ஜன்னல் வழியாக அனல் அடித்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "ஒரு சொட்டு வேர்வை இல்ல, எதுக்குடா தண்ணி?" என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நானும் சென்னைக்காரன்தானே.

பெட்டிக்கடையில் விசாரித்து, நெசவு செய்யும் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயதிருக்கும். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தறியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"தறிக்கு எதுக்கும்மா குளியல்?" என்றார் அப்பா.

"காத்து காஞ்சிருந்தா நூல் பொட்டுப் பொட்டுன்னு அறுந்துபோகுமுங்க. ஈரம் இருந்தாத்தான் நெய்ய முடியும்."

அப்பா ஒரு போர்வையைப் பிரித்து விலை கேட்டார். அந்த அம்மா சொன்னார். அப்பா மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது அந்த அம்மா அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஏனுங்க, அப்பாவுக்கு உதடு வெடிச்சிருக்குது, பேச்சும் கொளறுது. தண்ணி குடிச்சாங்களா?"

"வேர்க்கவே இல்லைங்களே" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"வேர்க்காம என்னங்க? தோலுக்கு வந்ததும் காத்து குடிச்சுபோடுது. காலையிலிருந்து ஒண்ணுக்காச்சும் போனாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரை மணிக்கொரு தரம் பாத்ரூம் தேடுகிற மனிதர் அன்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பரவாயில்லை, தொந்தரவு பண்ணாமல் வருகிறாரே என்று வழியெல்லாம் சந்தோஷப்பட்டிருந்தேன். அப்படிப்பட்ட பிள்ளை நான்.

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கியது. நாங்கள் இருவருமாகத் தாங்கி, தண்ணீர் தெளித்த தரையிலேயே படுக்க வைத்தோம். அந்த அம்மா நனைத்த துண்டை நெற்றியில் போட்டு, உப்புப் போட்ட மோரை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். அவர் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தார். நெசவைப் பாதியில் விட்டுவிட்டு, பெயர்கூடத் தெரியாத எங்களோடு அந்த அம்மாவும் ஏறிக்கொண்டார். அவர் மட்டும் போர்வையை விற்றுக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தால் மலையடிவார பஸ் ஸ்டாண்டில் நான் அப்பாவை இழந்திருப்பேன். இன்றும் அதை நினைத்தால் அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். "கிட்னிக்கு ஒண்ணும் ஆகலைன்னு நினைக்கிறேன். ஆனா யூரின் போனாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். ஒரு பாட்டில் முடிந்து இரண்டாவது பாதி இறங்கியது. அந்த அம்மா கட்டிலருகே நின்றபடி, "வந்துருமுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பாட்டிலில் இறங்கும் சொட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாத்ரூம் எங்கடா இருக்கு?"

எத்தனையோ பஸ் நிலையங்களில் இந்தக் கேள்விக்குப் பல்லைக் கடித்திருக்கிறேன். அன்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன்.

"எதுக்குடா அழுவுற? சீக்கிரம் கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா.